வேலைப்பாட்டு உடைகளைத் தூய்மை செய்யும் முறை

துணி துவைப்பதையும் ஒரு பாடமாக எழுதுவதா என்று அங்கத்தினர் சிலர் நகைக்கக்கூடும். பருத்தி வேட்டியையும் துண்டையும் பொறுத்தமட்டில் அந்த நகைப்பு நியாயமானதே. கிணற்றடிக் கல்லும் ஒரு கட்டிச் சோப்பும் நல்ல வெயிலும் இருந்தால் போதும். ஆனால் சரிகையும் சமிக்கியும் பாசிமணியும் வைத்துக் கையால் தைத்த உடையையும், கலம் பிடித்துக் கையால் எழுதிய துணியையும், முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சேலையையும் அதே கல்லுக்குக் கொண்டுபோனால் பல மாதத்து உழைப்பு அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். அழிந்தபின் பழி யார்மேல் விழுகிறது என்பதை நெசவாளராகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். "துணி சரியில்லை, சாயம் ஓடிவிட்டது" என்றுதான் உடையவர் கூறுவார். தாம் கரைத்த சலவைச் சோடாவைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார்.

சென்ற பங்குனியில் எங்கள் மம்சாபுரத்தில் "வள்ளி திருமணம்" நாடகம் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த வழியில் தென் மாவட்டங்களில் விடியவிடிய நடைபெறும் இந்நாடகங்களில் ராஜபார்ட் நடிகருக்கு உடையே பாதி வேடம். அன்று அவர் அணிந்திருந்த கோட்டு அரக்குச் சிவப்பு வெல்வெட்டினால் ஆனது. மார்பிலும் தோளிலும் சரிகைக் கொடி ஓடும். கொடியின் இடையிடையே சமிக்கியும் கண்ணாடிக் கற்களும் பதிந்திருக்கும். கழுத்துப்பட்டியும் கைவிளிம்பும் வெள்ளைச் சாட்டின். உடைகளை வாடகைக்கு விடும் கடையொன்றிலிருந்து எடுத்து வந்த கோட்டு அது. இரவு முழுவதும் வேர்வையில் ஊறிய உடையைத் திருப்பித் தரும்போது சுத்தமாகத் தரவேண்டுமென்ற நல்லெண்ணத்தினால், நடிகர் தங்கியிருந்த வீட்டார் அதனைச் சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் ஊறவைத்துவிட்டனர்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது வெள்ளைச் சாட்டின் ரோஜா நிறமாக மாறியிருந்தது. பசையிட்டு ஒட்டிய கற்கள் வாளியின் அடியில் கிடந்தன. சமிக்கி சுருண்டுபோயிற்று. மார்பு விறைப்பாக நிற்கும்பொருட்டு உள்ளே வைத்திருந்த பக்ரம், கஞ்சி கரைந்து தொளதொளத்தது. சரிகையோ பொன்னிறம் போய்ச் செம்பு நிறம் காட்டிற்று. கடைக்கு ஈடு கட்டுவதில் நடிகருக்கு அந்தப் பருவத்து வருமானத்தில் பெரும்பகுதி கரைந்தது. ஈடு கட்டிய கோட்டு அவருக்கே சொந்தமாயிற்று. அதை என்ன செய்யலாம் என்று கேட்க என்னிடம் கொண்டுவந்தார். அதனை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இப்பாடத்தை எழுதுகிறேன்.

உடை ஒன்று, பொருள் பத்து

இந்தக் கோட்டைப் பார்ப்பவர் அதனை ஒரு துணி என்று கருதுவார். பிரித்துப் பார்த்தால் பத்துப் பொருள்கள் உள்ளன: வெல்வெட், அதன் சாயம், சாட்டின், தையல் நூல், சரிகை, சமிக்கி, கல், பசை, பக்ரம், உள்துணி. இவற்றுள் சில தண்ணீரைத் தாங்கும், சில தாங்கா. வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் மெலிந்த மாட்டின் நடைக்கே வண்டி செல்வதுபோல, இவ்வுடையிலும் எல்லாவற்றினும் மெலிந்த பொருள் எதுவோ அதற்கேற்பவே தூய்மை செய்யும் முறையை அமைத்துக்கொள்ளவேண்டும். பட்டு நீரைத் தாங்குமென்பதற்காகப் பட்டின்மேல் ஒட்டிய கல்லும் தாங்குமென்று எண்ணலாகாது.

அடித்துணி எதுவென்று அறிவது நெசவாளருக்குப் பெரிய காரியமன்று. உள்மடிப்பிலிருந்து ஓரிழை உருவிக் கொளுத்தினால் போதும். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் தந்து, கையால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். ரேயான் என்னும் செயற்கைப் பட்டும் பருத்தியைப்போலவே எரியும். ஆனால் நனைந்தவுடன் தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும் குணம் அதற்கு உண்டு. மலிவான பளபளப்புத் துணிகள் பல ரேயானே ஆதலால், ஈரமாக இருக்கையில் பிழிந்தால் மணியும் சமிக்கியும் தைத்த இடத்திலேயே கிழியும்.

சரிகையை மூன்று வகையாகக் கொள்ளலாம். பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றிப் பொன் முலாம் பூசியது முதல்வகை. உள்ளிழை பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிவப்பு தெரிகிறதா என்று பட்டு வாங்குவோர் சோதிப்பது இதனால்தான். செம்புக் கம்பியின்மேல் வெள்ளி முலாமும் பொன் வண்ணமும் ஏற்றியது இரண்டாம் வகை. மூன்றாவது, உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் தாளை மெல்லிய நாடாவாக நறுக்கிச் செய்வது. மூன்றாம் வகை கறுப்பதில்லை. ஆனால் சூட்டில் சுருங்கும். முதலிரண்டும் சூட்டைத் தாங்கும். ஆனால் வேர்வையும் புளிப்பும் படின் கெடும். ஒன்றுக்கு நன்மை தருவது மற்றொன்றுக்குக் கேடாவதை இங்கே காணலாம். எங்கள் கோட்டில் இருந்தது இரண்டாம் வகை.

சமிக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இக்காலத்துச் சமிக்கி பிளாஸ்டிக்கே. ஆனால் 1930ஆம் ஆண்டையொட்டி மேலைநாடுகளில் ஜெலட்டினால் செய்த சமிக்கி பெருவழக்காயிருந்தது. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் அப்பொருள் வெந்நீரில் கரைந்தே போய்விடும். பழைய நாடகக் குடும்பங்களின் பெட்டிகளில் பாட்டன் காலத்து உடைகள் இருப்பின், அவற்றில் தளர்ந்து தொங்கும் ஒரு சமிக்கியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் இட்டுப் பார்த்தல் நலம். பிசுபிசுத்தால் அந்த உடையை ஒருபோதும் நனைக்கலாகாது.

தண்ணீர் படுமுன்

சாயச் சோதனையைச் செய்யாமல் எந்த வேலைப்பாட்டு உடையையும் நனைப்பது சூதாட்டத்திற்குச் சமம். வெள்ளைப் பருத்தித் துணித்துண்டு ஒன்றை நீரில் நனைத்துப் பிழிந்து, உடையின் உட்புறத்தில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் வைத்து, மேலே ஒரு கனமான கிண்ணத்தை ஏற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். பின்பு துண்டை எடுத்துப் பார்க்கவேண்டும். சாயம் ஏறியிருந்தால் அவ்வளவே. அவ்வுடைக்கு நீர் ஆகாது. ஏறாவிட்டால், உபயோகிக்கப்போகும் சோப்பு நீரில் துண்டை நனைத்து மீண்டும் ஒருமுறை செய்யவேண்டும். தனி நீருக்கு அசையாத சாயம் சோப்புக்கு அசைவதுண்டு.

இச்சோதனையை ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனியே செய்யவேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். பச்சைத் துணியைச் சோதித்துவிட்டுத் திருப்தியடைவர். அதன்மேல் பூவேலை செய்த சிவப்பு நூலைச் சோதிக்கமாட்டார்கள். அந்த ஒரு நூலே சேலை முழுவதற்கும் கறை பூசிவிடும். கருஞ்சிவப்பும் கருநீலமும் கறுப்பும் முதலில் சந்தேகிக்கத்தக்க நிறங்கள். பருத்தியில் நாப்தால் முறையில் ஏற்றிய சிவப்பு, சரிவரச் சோப்பில் கொதிக்கவைத்து அலசப்படாவிட்டால், உலர்ந்த நிலையில் தேய்த்தால்கூடக் கையில் ஒட்டும். ஆதலால் ஈரத் துண்டால் ஒருமுறையும் உலர்ந்த துண்டால் ஒருமுறையும் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

தூசியும் வேர்வையும்

அழுக்கு என்று நாம் பொதுவாகச் சொல்லுவது இருவேறு பொருள்கள். ஒன்று தூசி, மற்றொன்று வேர்வை. தூசியை நீரின்றியே எடுத்துவிடலாம்; எடுக்காமல் நனைத்தால் அது சேறாகி இழைக்குள் புகுந்துவிடும். துணிகளைப் பேணும் அருங்காட்சியகங்களில் கையாளும் முறையொன்று உண்டு. உடையை மேசையில் விரித்து, அதன்மேல் மெல்லிய வலைத்துணியைப் பரப்பி, வலையின்மேல் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை மிகக் குறைந்த விசையில் நகர்த்துவர். வலை இருப்பதால் தளர்ந்த மணியும் சமிக்கியும் குழாய்க்குள் போகா. இதற்கு வேண்டிய வலைத்துணிக்கு நாம் எங்கும் அலையவேண்டியதில்லை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிதோறும் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியே போதும். இயந்திரம் இல்லாதவர்கள் மென்மையான ஓவியத் தூரிகையால், வெல்வெட்டாயின் மயிர் படிந்திருக்கும் திக்கிலேயே, மெல்லத் துடைக்கலாம். உதறுவது கூடாது. மணிகளின் பாரத்தினால் நூல் அறும்.

வேர்வையே உண்மையான பகைவன். புது வேர்வை சற்றே புளிப்புடையது. நேரம் செல்லச் செல்லக் கிருமிகளின் செயலால் அது காரமாக மாறும். அதிலுள்ள உப்பு சரிகையின் உலோகத்தை அரிக்கும். செம்புச் சரிகையில் பச்சைக் களிம்பு பிடிப்பது இதனாலேயே. பட்டு, வேர்வை பட்ட இடத்தில் நாளடைவில் நைந்து இற்றுப்போகும். பரதநாட்டிய உடைகளில் அக்குளும் இடுப்பும் முதலில் கிழிவதை நடனம் கற்பிப்போர் அறிவர். ஆகவே ஆட்டம் முடிந்த அன்றிரவே கவனிக்கவேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சுருட்டிப் பெட்டியில் போட்டால் பின்பு எவ்வகைச் சலவையும் உதவாது. உடையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, நல்ல நீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியினால் உள்துணியை மட்டும் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். அவ்வுள்துணியின் சாயத்தையும் முன்பே சோதித்திருக்கவேண்டும் என்று சொல்லவேண்டியதில்லை. பின்னர் அகலமான தோளுள்ள மாட்டியில் இட்டு, நிழலில், காற்றோட்டத்தில் இரவு முழுவதும் தொங்கவிடலாம். மணிகள் நிறைந்து கனக்கும் உடையானால் தொங்கவிடாமல் கயிற்றுக் கட்டிலின்மேல் வலைத்துணி பரப்பி அதில் கிடத்தவேண்டும்.

மேலைநாட்டு நாடக அரங்குகளில் நாற்றம் போவதற்காக உடையின் உட்புறத்தில் வோட்கா என்னும் மதுவைப் புகையெனத் தூவும் வழக்கம் உண்டு. மதுவிலுள்ள சாராயம் கிருமிகளைக் கொன்று தானும் ஆவியாகிவிடும். வேதியியல் சரியானதுதான். ஆயினும் அந்தப் புட்டி நம் ஊர் நாடகக் கொட்டகையில் உடைமேல் தூவ மட்டுமே பயன்படும் என்று உறுதிகூற என்னால் இயலாது. தவிர, சில சாயங்களைச் சாராயம் தண்ணீரைவிட விரைவில் கரைத்துவிடும்.

எந்தச் சோப்பு

மஞ்சள் கலந்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும். ஆரத்தி சுற்றும் வீடுகளிலெல்லாம் இது தெரிந்த செய்தி. மஞ்சள் பட்ட சேலையில் துவைக்கும் கட்டிச் சோப்பைத் தேய்த்தாலும் அதே சிவப்பு தோன்றும். அப்படித் தோன்றினால் அந்தச் சோப்பில் காரம் உண்டென்பது பொருள். வெள்ளைத் துணியில் சிறிது மஞ்சளைப் பூசி, வாங்கி வைத்திருக்கும் சோப்பு நீரில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், எந்தச் சோப்பு வேலைப்பாட்டு உடைக்கு ஆகாது என்பதை வீட்டிலேயே அறியலாம்.

காரம் ஏன் ஆகாது? பட்டும் கம்பளியும் மயிரைப்போன்ற புரதப் பொருள்கள். காரம் அவற்றைத் தின்னும். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கும் நெசவாளர்கள், சிறிது நேரம் கூடிவிட்டால் இழை வலுவிழப்பதைக் கண்டிருப்பார்கள். அங்கே காரம் தின்பது இழையின்மேலுள்ள பசையை. சலவைக்கு வரும் பட்டில் தின்பதற்குப் பசை இல்லை, இழையே இருக்கிறது. குளோரின் கலந்த வெளுப்பு நீரோ பட்டைக் கரைத்தே விடும். அதனை ஒரு துளியும் அருகில் கொண்டுவரலாகாது.

இங்கே நம் பயிர்த்தொழிலாளருக்கு ஒரு செய்தி உண்டு. பூவந்தி எனப்படும் பூந்திக்கொட்டை மலையடிவாரத் தோட்டங்களில் வேலியோரமாக வளர்க்கத்தக்க மரத்தின் காய். அதன் தோலிலுள்ள நுரைப்பொருள் காரமற்றது. அதன் நீர் சிறிது புளிப்புத்தன்மையே உடையது. ஆகையால் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றது. ஏழெட்டுக் காய்களின் விதையை நீக்கி, தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துக் காலையில் கசக்கி, நெருங்கிய துணியில் இருமுறை வடிகட்டவேண்டும். நீர் உப்பாகவோ கடினமாகவோ இருக்கும் கிணறுகளில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் வெண்படலமாகத் துணியில் படியும். பூந்திக்கொட்டைக்கு அத்தொல்லை குறைவு. மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் அதனையே உபயோகிக்கலாம்.

ஆயினும் பூந்திக்கொட்டையைப் போற்றுவோர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. அதன் நீர் பழுப்பு நிறமுடையது. வெண்பட்டிலும் சந்தன நிறத்திலும் நன்றாக அலசப்படாவிடின் மஞ்சள் சாயல் தங்கிவிடும். ஊறவைத்த நீரை மறுநாள் வைத்திருந்தால் புளித்து நாறும். வெளிர் நிற உடைகளுக்குக் காரமும் வெளுப்பானும் நறுமணமும் கலவாத மென்மையான திரவச் சலவைப்பொருளே மேல். கலைப்பொருள்களைப் பேணுவோரும் இத்தகைய திரவத்தையே, அதுவும் லிட்டருக்குச் சில துளிகள் என்னும் அளவில் கையாளுகின்றனர். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது வெறும் எண்ணமே. மிகுந்த நுரையை அலசுவதற்குத்தான் துணியை மிகுதியாக அலைக்க நேரிடும்.

நனைக்கக்கூடியவற்றை நனைத்தல்

சோதனையில் தேறிய உடையை வலைத்துணிமேல் கிடத்தி, வலையின் நான்கு முனைகளையும் பிடித்து, அகன்ற தட்டிலுள்ள குளிர்ந்த நீரில் இறக்கவேண்டும். ஊறும் நேரம் ஐந்து நிமிடத்திற்குமேல் வேண்டாம். கையை விரித்து மெல்ல அழுத்தி அழுத்தி விடவேண்டும். தேய்ப்பதும் பிழிவதும் இல்லை. எடுக்கும்போதும் வலையோடுதான் எடுக்கவேண்டும், ஏனெனில் நீரை உண்ட துணியின் பாரமே சரிகைத் தையலை அறுத்துவிடும். மூன்று நான்கு முறை நல்ல நீர் மாற்றி அலசி, வெள்ளைப் பூந்துவாலையில் கிடத்தி, மேலொரு துவாலையை வைத்து அழுத்தி ஈரத்தை இழுக்கவேண்டும். சாயம் ஓடுவது பெரும்பாலும் தட்டில் இருக்கும்போதன்று. மடிப்புக்குள் ஈரம் தங்கி மெல்ல உலரும்போதே ஒரு நிறம் மற்றொன்றில் இறங்குகிறது. ஆதலால் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே, கைக்குள், வெள்ளைத் துணி செருகி, நிழலில் மின்விசிறியின் கீழ் விரைவாக உலர்த்தவேண்டும். வெயில் பட்டுக்கும் பகை, சாயத்திற்கும் பகை.

இஸ்திரி வேண்டுமாயின் உட்புறத்தில், குறைந்த சூட்டில், கீழே தடித்த பூந்துவாலை பரப்பி அதில் வேலைப்பாடு பதியுமாறு வைத்துப் போடலாம். பிளாஸ்டிக் சமிக்கியும் பிளாஸ்டிக் சரிகையும் உள்ள இடத்தில் இஸ்திரி வேண்டவே வேண்டாம். வெல்வெட்டுக்குக் கொதிநீராவியைத் தூரத்திலிருந்து காட்டித் தூரிகையால் நிமிர்த்துவதே வழி.

பெட்ரோல் போட்டுப் பட்டுச் சேலையைத் துடைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பது வருத்தத்திற்குரியது. எண்ணெய்க் கறை போகும் என்பது உண்மை. ஆனால் பட்டையும் நைலானையும் தேய்க்கும்போது உண்டாகும் சிறு மின்பொறியே பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கவேண்டுமென்பதில்லை. எண்ணெய் பட்ட உடனே அரிசிமாவையோ முகப்பவுடரையோ தூவி, ஓரிரவு விட்டுத் தூரிகையால் எடுத்தால், புதுக் கறையில் பெரும்பகுதி போய்விடும்.

உலர்சலவைக் கடைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தொழிலாகத் தலையெடுத்த அம்முறையில் நீருக்குப் பதிலாக வேறு திரவத்தில் துணியைச் சுழற்றுகின்றனர். நீண்ட காலமாகப் பெருவழக்கிலிருக்கும் திரவம் பெர்குளோரோஎத்திலீன். அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995ஆம் ஆண்டு சேர்த்தது. வெறும் பட்டுக்கும் சரிகைக்கும் அத்திரவம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் சில பிளாஸ்டிக் மணிகளை அது இளக்கிவிடும், சமிக்கியின் பூச்சை உரிக்கும், கல் ஒட்டிய பசையைக் கரைக்கும். "உலர்சலவைக்கே கொடுத்தேன், அப்படியும் போய்விட்டது" என்று கூறுவோரின் உடையில் பெரும்பாலும் ஒட்டிய கல்லோ பிளாஸ்டிக் மணியோ இருக்கும். கடையில் கொடுக்கும்போது மணி எதனால் ஆனது, கல் தைத்ததா ஒட்டியதா என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். கேட்டுக்கொள்ள விருப்பமில்லாத கடையில் கொடாமல் இருப்பதே நல்லது.

கறுத்த சரிகையும் எழுதிய துணியும்

வெள்ளிச் சரிகை கறுப்பது காற்றிலுள்ள கந்தக ஆவியினால். ரப்பர் வளையம், கம்பளித் துணி முதலியவற்றோடு சேர்த்து வைத்தால் விரைவில் கறுக்கும். பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பு போகப் புளி தேய்ப்பவர் சரிகைக்கும் அதையே செய்கின்றனர். குத்துவிளக்கு முழுவதும் பித்தளை. சரிகையிலோ பொன் ஒரு மெல்லிய பூச்சேயாகும். புளியோடு கறுப்பும் போகும், பொன்னும் போகும். பற்பசையும் சாம்பலும் அவ்வாறே. உலர்ந்த மென்துணியால் துடைத்துப் போகாத கறுப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் சரிகைக்குச் செய்யும் நன்மை. அணிந்தபின் உடையின்மேல் அத்தர் தெளிப்பதை நிறுத்தி, முதலில் மேனியில் பூசி உலர்ந்தபின் உடுத்தினாலே பாதிக் கறுப்பு வராது.

கையால் எழுதிய துணிகளில் தமிழ்நாட்டுக்குரியது கருப்பூர்க் கலம்காரி; 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கோயில்களில் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் இவ்வழியில் வந்தவை. மரபு முறையில் கடுக்காய் ஏற்றிய துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கறுப்புக் கோடு எழுதுவர். கடுக்காயும் இரும்பும் கூடியே கறுப்பாகிறது. அந்தக் கோட்டின்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி பட்டால் கறுப்பு வெளுத்துவிடும். பழக்கறையைப் போக்க எலுமிச்சை தேய்ப்பவர்கள் இதனை நினைவில் வைக்கவேண்டும். பழைய கோயில் சீலைகளில் கறுப்புக் கோடிருந்த இடம் மட்டும் இற்று உதிர்வதும் அவ்விரும்பினாலேயே. அத்தகைய பழஞ்சீலைகளைத் தூசி தட்டுவதோடு நிறுத்தி, தேர்ந்தவர்களிடம் காட்டவேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இத்துறையில் முன்னோடி.

மதுரைச் சுங்குடியைக் கல்லுப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்று கடைகளிலேயே சொல்லி விற்கின்றனர். சாயத்தொட்டியில் உப்பு இடுவது, நீரிலுள்ள சாயத்தை இழையின்பால் தள்ளுவதற்காக. சாயமேற்றி முடிந்த சேலையில் இடும் உப்பும் அதையே செய்கிறது; ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை நீரில் இறங்கவிடாமல் சேலையிலேயே பிடித்து வைக்கிறது. அன்று நீர் தெளிவாக இருக்கும். அடுத்த சலவையில் அச்சாயம் வெளிவந்து வெள்ளைப் புள்ளிகளைக் கெடுக்கும். மாறாக, முதல் இரண்டு மூன்று முறை நிறையக் குளிர்ந்த நீரில் தனியாக, விரைவாக அலசி, மிஞ்சிய சாயத்தைப் போகவிடுவதே முறை. இதை நான் சொன்னபோது சாயத்தொழிலில் நெடுநாள் பழகிய ஓர் அங்கத்தினர் முதலில் ஒப்பவில்லை. ஒரே சேலையை இரண்டாகக் கிழித்து இரு வழியிலும் செய்து பார்த்தபின் ஒப்பினார்.

வைத்துப் பேணுவதில் அதிகம் சொல்ல இல்லை. காடாத்துணியில் சுற்றி வைப்பது நல்லது. ஆனால் பாவுக்கிட்ட கஞ்சி போகும்வரை அதனைக் கொதிநீரில் அலசியிருக்கவேண்டும், இல்லையேல் கஞ்சியைத் தின்ன வரும் வெள்ளிப்பூச்சி உள்ளிருக்கும் பட்டையும் பதம் பார்க்கும். செய்தித்தாளும் பிளாஸ்டிக் உறையும் ஆகா. பாச்சை உருண்டையைச் சமிக்கியின்மேல் போட்டால் சில பிளாஸ்டிக்குகள் இளகி ஒட்டிக்கொள்ளும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். மூன்று மாதத்திற்கொருமுறை மடிப்பை மாற்றவேண்டும். வேலைப்பாடு மடிப்பின் வெளிப்புறமாக வருமாறு மடித்து, மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்தால் சரிகை முறியாது.

தறியிலிருந்தே தொடங்குவது

இதுவரை கூறியவை உடை கையில் வந்தபின் செய்பவை. நெசவாளரால் முன்பே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. சாய உறுதியை அளந்து சொல்வது ஒன்று. துவைப்பு உறுதிக்கு 1 முதல் 5 வரையிலும் வெளிச்ச உறுதிக்கு 1 முதல் 8 வரையிலும் படிகள் வகுக்கப்பட்டுள்ளன; எண் பெருகப் பெருக உறுதி மிகுதி. 1956ஆம் ஆண்டு முதல் ஏற்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் சாயம் பற்றிய இவ்வகை உதவிகளை நாடலாம். சங்கத்தின் முத்திரைச் சீட்டில் "கெட்டிச் சாயம்" என்று அச்சிடுவதைவிட, "தனியாக, குளிர்ந்த நீரில், வேலைப்பாடு செய்தபின் நனைக்குமுன் சோதிக்கவும்" என்று அச்சிட்டால் வாங்குபவருக்கும் பயன், நமக்கும் பழியில்லை.

இரண்டாவது, கழற்றக்கூடிய உள்துணி. எங்கள் கோட்டை வைத்துச் செய்து பார்த்தது அதுதான். சரிகைக் கொடிகளைப் பக்ரத்தோடு நறுக்கி எடுத்துக் களிம்பைத் தூரிகையால் தட்டிப் புது வெல்வெட்டில் பொருத்தித் தைத்தோம். செம்பு நிறமான சரிகை செம்பாகவே இருக்கிறது. விளக்கொளியில் தூரத்திலிருந்து பார்ப்போருக்கு அது தெரிவதில்லை. கற்களை இம்முறை ஒட்டாமல் தைத்தோம். உள்ளே, வெளுத்த மென்பருத்தியில் கையில்லாத ஒரு சட்டை தைத்து, அக்குளில் இரட்டை மடிப்பு வைத்து, கழுத்திலும் இடுப்பிலும் எட்டு நாடாக்களால் கோட்டோடு முடிந்துவிட்டோம். இதற்கு இரண்டு மீட்டருக்கும் குறைவான துணியே பிடித்தது. நாடகம் முடிந்ததும் நாடாவை அவிழ்த்துச் சட்டையை மட்டும் கல்லில் அடித்துத் துவைத்துக்கொள்கிறார். இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தோம். தொடர்ந்து இரண்டு இரவு நாடகம் இருக்குமாதலால் மூன்றாவதும் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருக்கிறார்.